அந்த டம்ளருக்காக, அக்கா

அன்புள்ள மெஸ் அக்காவுக்கு,

2020 பிப்ரவரியில் நான் விடுதியைக் காலி செய்த அன்று, உங்களிடம் சொல்ல நினைத்தது தொண்டையைத் தாண்டி வரவில்லை. இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். என் நோயை அன்று ஊருக்குச் சொன்னவள் வேறொருத்தி. இந்த முறை நானே சொல்கிறேன்.

2019 ஆடியில் என் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. ஊசி வைத்து நீர் எடுத்துப் பார்த்த டாக்டர், நெறிக்கட்டியில் வந்த காசநோய் என்றார். நுரையீரலில் இல்லை, மூச்சில் பரவாது, ஆறு மாதம் மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும் என்றும் சொன்னார். வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். பயம் தாங்காமல் உயிர்த்தோழி ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன். கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

பத்தே நாள். சாப்பாட்டு மேசையில் எனக்குப் பக்கத்து நாற்காலிகள் காலியாகின. ஒரு காலையில் டம்ளர் கூடையைப் பார்த்தேன். ஒன்றின் அடியில் மட்டும் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி. அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நோய் என்று கேட்டபோது வராத அழுகை அந்தப் புள்ளியைப் பார்த்ததும் வந்தது.

நீங்கள் அடுப்படியிலிருந்து வந்தீர்கள். அந்த டம்ளரை எடுத்துக் காபி ஊற்றி, அத்தனை பேர் முன்னாலும் நின்று மடக்கு மடக்காகக் குடித்தீர்கள். பிறகு கத்திமுனையால் புள்ளியைச் சுரண்டி, கழுவி, கூடையில் மற்ற டம்ளர்களோடு கலந்துவிட்டீர்கள். எனக்கு என்ன நோய் என்றுகூட நீங்கள் கேட்கவில்லை.

காசநோய்க்காரர்களை ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை, வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணமாக்கலாம் என்று உலகத்துக்கே காட்டிய ஆய்வு நம் சென்னையில் நடந்தது. 1959-இல் வெளியானது. அதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. நீங்கள் எதையும் படிக்காமலே செய்தீர்கள்.

சத்தான சாப்பாட்டுக்கென்று அரசு என் கணக்கில் மாதம் போட்ட 500 ரூபாயை உங்களிடம் நீட்டினேன். ஒரு ரூபாய் மிச்சம் வைக்காமல் முட்டையாகவே எனக்குத் திருப்பித் தந்தீர்கள்.

ஆனால் நான் உங்களுக்குப் பட்டிருக்கும் கடன் வேறு. ஒரு ராத்திரி, நீங்கள் மறுநாளுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். நானும் உட்கார்ந்து உரித்தேன். என் நோயை வெளியே சொன்ன அந்தத் தோழி என்னிடம் சொன்ன விஷயம் ஒன்று இருக்கிறது, வெளியே வந்தால் அவளால் தலைநிமிர முடியாது, நாளைக்கே எல்லோரிடமும் சொல்லப்போகிறேன் என்றேன். நீங்கள் தலையைத் தூக்கவில்லை.

"அது அவளோடது பாப்பா. உன்கிட்ட வச்சிட்டுப் போயிருக்கா. அவ தப்புப் பண்ணிட்டான்னு நீ எடுத்துச் செலவு பண்ணக் கூடாது."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் பக்கம் பேசுகிறீர்கள் என்று நினைத்து எழுந்து போய்விட்டேன். ஆனாலும் மறுநாள் வாயைத் திறக்கவில்லை. அன்று திறந்திருந்தால், கட்டி கரைந்த பிறகும் அந்தச் செயல் எனக்குள் கரையாமல் கிடந்திருக்கும்.

மாத்திரை முடிகிற சமயம் அவள் வந்து மன்னிப்புக் கேட்டாள். பயத்தில் ஒருத்தியிடம் மட்டும் சொன்னதாகச் சொன்னாள். அந்த ஒருத்திக்கும் ஒருத்தி இருந்திருக்கிறாள். மன்னித்தேன். பழைய நெருக்கம் திரும்பவில்லை, திரும்ப வேண்டும் என்று நான் முயலவும் இல்லை.

இனி யாரிடமும் எதையும் சொல்வதில்லை என்று மனத்தைப் பூட்டியிருந்தேன். பெண் பார்க்க வந்தவரிடம் என் நோயை மறைக்காமல் சொல்லும் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், நீங்கள் காபி குடித்த அந்தக் காலைதான் நினைவுக்கு வருகிறது. கேட்டுவிட்டு, "மாத்திரை முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

அவள் சொன்னது இன்னும் என்னிடமே இருக்கிறது, அக்கா. அவரிடம்கூடச் சொன்னதில்லை.

உங்கள்,
மூன்றாம் மாடிப் பாப்பா