மந்திரி வாங்கிய சாமி

என் ஆயாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. ஆனால் செய்தித்தாளில் வரும் படத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பதில் எங்கள் வரலாற்றுப் பேராசிரியருக்கும் சளைத்தவர் அல்லர். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு காலை, தென்னேரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாளிதழ் படித்துக் கொண்டிருந்தேன். அப்போது நான் பள்ளி மாணவன். வெளிநாடுகளிலிருந்து மீண்டு வந்த பத்துச் சிலைகளை, டில்லியில் மத்திய கலாசார அமைச்சர் தமிழக அரசிடம் ஒப்படைத்தார் என்று படத்தோடு போட்டிருந்தார்கள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே ஆயா எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா கண்ணு, மந்திரி குடுத்துட்டாரு. இப்ப அந்தச் சாமி எந்த ஊருக்குப் போவும்?"

"அதனதன் ஊருக்குத்தான் ஆயா."

"நீ பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. ஆயா அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவர் பிறந்த ஊர் எங்கள் ஏரிக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூர். திரையன் ஏரி என்பதுதான் தென்னேரி ஆயிற்று என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஏரித் தண்ணீரில் பிழைத்த ஊர் அது. அங்கே முழ உயரத்தில் ஓர் அம்மன் விக்கிரகம் இருந்தது. பக்கத்து ஊர்க் கோயிலில் பூட்டை உடைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததும், பாதுகாப்புக்காக அம்மனைப் பெட்டியில் வைத்து வேறிடத்துக்குக் கொண்டு போனார்கள். ஆண்டுக்கு ஒருநாள், திருவிழாவுக்குக் காவலோடு வருவாள். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவாள். சில ஆண்டுகள் அதுவும் இல்லை. மஞ்சள் பூசிய கலசம் ஒன்றை வைத்துத் திருவிழாவை முடித்துக்கொண்டார்கள். ஆயாவின் கணக்கில் அது திருவிழாவே அன்று.

கல்லூரிக்கு வந்து வரலாறு படிக்கத் தொடங்கிய பிறகுதான், ஆயாவின் கேள்விக்கு நூலகத்தில் விடை தேடினேன். நம் அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் வெளிநாட்டு விவகாரம் முழுவதும் மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. அறநிலையங்களும் சமய நிறுவனங்களும் பொதுப்பட்டியலில் உள்ளன. எனவே சென்னையில் உள்ள அமைச்சர் கோயிலுக்குப் பொறுப்பாளர். ஆனால் கோயிலின் சாமி கடல் கடந்துவிட்டால் பேச வேண்டியவர் டில்லியில் இருப்பவர். வீட்டுச் சாவி ஒருவரிடம், தெருவாசல் சாவி இன்னொருவரிடம் என்றிருந்தால் எப்படியோ அப்படி.

ஆனாலும் தெருவாசலை மாநிலமே சென்று தட்டிய ஒரு நிகழ்ச்சி உண்டு. நண்பர்கள் அதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976ஆம் ஆண்டு மண் தோண்டிய ஒரு கூலித் தொழிலாளிக்கு நடராசர் செப்புத் திருமேனி கிடைத்தது. அது கை மாறிக் கை மாறி லண்டன் போய்ச் சேர்ந்தது. 1982இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அதை இரண்டரை லட்சம் பவுனுக்கு வாங்கியது. செப்பனிடுவதற்காகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கொடுத்திருந்தபோது லண்டன் போலீசார் கைப்பற்றினார்கள். வாங்கியவர்கள் போலீசார் மீதே வழக்குத் தொடுத்தார்கள். அந்த வழக்கில் உரிமை கோரி நின்றவர்களில் இந்திய அரசு மட்டுமல்ல, தமிழ்நாடு அரசும் ஒரு கட்சி. அதைவிட வியப்பு, இடிந்து கிடந்த பத்தூர்க் கோயிலே ஒரு கட்சி!

பூசையற்றுப் போன கற்குவியல் எப்படி வழக்காடும் என்று எதிர்த்தரப்பு கேட்டது. நம் நாட்டுச் சட்டத்தில் கோயிலும் ஓர் ஆள்தான் என்பதை லண்டன் நீதிமன்றம் ஏற்றது. தமிழ்நாடு தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த டாக்டர் இரா. நாகசாமி அங்கே சென்று சாட்சியம் அளித்தார். திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமுங்கூட ஆராயப்பட்டன. 1988இல் தீர்ப்பு, 1991இல் மேல்முறையீட்டிலும் வெற்றி. அதே ஆண்டு நடராசர் தமிழகம் திரும்பினார். நம் உத்திரமேரூரைப் பற்றி ஒரு தனி நூலே எழுதியவர் அந்த நாகசாமி என்பதை அறிந்தபோது, ஏதோ உறவினரைப் பற்றிப் படித்தது போல் இருந்தது எனக்கு.

பிறகு நடந்த மீட்புகளில் காட்சி வேறு. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசரை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கியது. 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமர் டோனி அபாட் டில்லிக்கு வந்து நம் பிரதமரிடம் அதைக் கொடுத்தார். படத்தில் இரண்டு பிரதமர்கள். ஆனால் அந்தப் படத்துக்கு வழி செய்ததில் பெரும்பங்கு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்பே கோயிலில் எடுத்து வைத்திருந்த பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்துக்கும், 1983 முதல் இங்கே இயங்கும் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்கும் உண்டு. மாநில அமைச்சரின் உண்மையான வேலை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு சிற்றூர்ச் சாமிக்கும் ஒரு படம், ஓர் அளவு, ஒரு பதிவு. மாலையும் கேமராவும் இல்லாத வேலை.

இதையெல்லாம் ஒரு விடுமுறையில் ஆயாவிடம் விரிவாகச் சொன்னேன். லண்டன் கோர்ட்டில் கோயிலே வழக்காடியது என்றதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நேராக உட்கார்ந்தார்.

"அப்ப அந்தச் சாமி பத்தூர்ல கீதா?"

நான் சற்றுத் தயங்கினேன். திருவாரூர்ப் பாதுகாப்பு மையத்தில் வைத்தார்கள் என்றேன்.

"லண்டன்லேர்ந்து வரத் தெரிஞ்சவருக்குத் திருவாரூர்லேர்ந்து வரத் தெரியலையா?"

ஆயாவுக்கு என்ன விடை சொல்வது? பூட்டில்லாத கோயிலில் வைத்தால் மறுபடி கப்பல் ஏறிவிடும் என்பதும் உண்மைதானே. வாங்கி வைத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வலுவான கதவும் இரவுக் காவலுக்கு ஓர் ஆளும் கொடுத்தால் வீட்டிலேயே இருக்கக்கூடியவளைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோமே என்ற எண்ணம் விடவில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டு பராந்தக சோழன் காலத்தது. ஏரியைப் பார்க்க ஒரு வாரியம், தோட்டத்தைப் பார்க்க ஒரு வாரியம் என்று வகுத்த அந்தச் சபை, முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் மறுபடி குடவோலையில் சேர்க்கக் கூடாது என்று எழுதி வைத்தது. எங்கள் அம்மனுக்கான கணக்கை யாரிடம் கேட்பது?

ஆயாவே வழி சொன்னார். "மந்திரிக்கு ஒரு மனு எழுதுடா." எழுதினேன். ஊரில் நாற்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஆயா இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். உறையில் முகவரி எழுதும்போது, "டில்லி மந்திரிக்கா, மெட்ராஸ் மந்திரிக்கா?" என்றார்.

"இது கடல் தாண்டாத சாமி ஆயா. சென்னை போதும்."

"எதுக்கும் ரெண்டு பேருக்கும் போடு."

இரண்டு உறை வாங்கினேன். ஒன்றுக்கு மட்டும் ஒப்புகை அட்டை வந்திருக்கிறது. எந்த ஊர் முத்திரை என்று தெளிவாகத் தெரியவில்லை. ஆயா அதைச் சுவரிலுள்ள அம்மன் படத்தின் சட்டத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.