நாக்கைச் சுருட்டத் தெரியுமா?

மரபியல் பாடம் தொடங்கியதும் பல பள்ளிகளில் நடக்கும் முதல் கூத்து இது. ஆசிரியர் கேட்பார், மொத்த வகுப்பும் நாக்கை நீட்டும். சுருட்ட முடிந்தால் ஓங்கு பண்பு, முடியாவிட்டால் ஒடுங்கு பண்பு என்று கரும்பலகையில் கணக்கு ஏறும்.

அந்தக் கணக்கு தவறு.

1940-இல் இதை மரபுப் பண்பாக எழுதியவர் அமெரிக்க மரபியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டிவன்ட். 1952-இல் பிலிப் மாட்லாக் 33 ஜோடி ஒருகரு இரட்டையரைச் சோதித்தார். 7 ஜோடிகளில் ஒருவருக்கு நாக்கு சுருண்டது, மற்றவருக்குச் சுருளவில்லை. ஒரே மரபணுக்கள் உள்ளவர்களிடம் இப்படி வரலாமா? இது இன்னும் நூல்களில் இடம்பெறுவது சங்கடமாக இருப்பதாக ஸ்டர்ட்டிவன்ட்டே பின்னாளில் எழுதினார். பெற்றோர் இருவருக்கும் வராத வித்தை பிள்ளைக்கு வந்துவிட்டால், இந்தப் பாடம் வீட்டில் வீண் சந்தேகத்தையும் கிளப்பும்.

மெண்டலின் பட்டாணியில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டாம் தலைமுறையில் அவர் எண்ணியவை 5,474 உருண்டை விதைகள், 1,850 சுருங்கிய விதைகள். விகிதம் 2.96:1. மாவுச்சத்தைக் கிளைக்க வைக்கும் நொதியின் மரபணு பழுதானதே சுருக்கத்துக்குக் காரணம் என்பது 1990-இல் தெரியவந்தது.

விகிதம் ஏன் சரியாக 3:1 ஆகவில்லை என்று கேட்கும் மாணவனிடம் இரண்டு நாணயங்களைக் கொடுக்கலாம். தலை ஓங்கு, பூ ஒடுங்கு. நான்கு முறை சுண்டினால் எதுவும் வரும். வகுப்பே சுண்டிக் கூட்டினால், இரண்டும் பூவாக விழுவது ஏறக்குறைய நான்கில் ஒன்றாக நிற்கும்.