கோழிக்கும் ஒரு வீடு

வீடு கட்டுகிறவனுக்கு யோசனை சொல்ல ஊரில் ஆள் ஏராளம். கோழிக்கூடு கட்டுகிறவனுக்கு ஒருவரும் சொல்வதில்லை. நாலு கட்டை, ஒரு தகரம், கொஞ்சம் வலை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைக்கிறார்கள். நிறைய இருக்கிறது, ஐயா.

எங்கள் வீட்டில் அந்த அவசியம் கோழியால் வரவில்லை; அத்தையால் வந்தது. மாமா காலமான பிறகும், ஆற்றங்கரைக் கிராமத்து வீட்டைவிட்டு அசையமாட்டேன் என்று ஐந்து வருஷம் ஒற்றை ஆளாக இருந்தவள். கண்ணில் புரை விழுந்து சிகிச்சையும் ஆனபின், இனித் தனியே விடக்கூடாது என்று பாளையங்கோட்டைக்கு அழைத்தோம். “வாரேன். கோழி ஆறும் கூட வரும்” என்றாள். கோழிக்கு இடமில்லை என்றால் தனக்கும் இடமில்லை என்று அதற்கு அர்த்தம்.

என் மனைவிக்கு இதில் ஆட்சேபமே இல்லை என்று எழுதினால் அது கதையாகிவிடும். நாற்றம் வருமே, பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்களோ என்று இரண்டு நாள் விசாரம். “கூடு சுத்தமாக இருந்தால் சரி” என்று முடிவில் தீர்ப்பாயிற்று. ஆக, கூடு சரியாக அமையாவிட்டால் கோழிகளோடு அத்தையும் ஊருக்குத் திரும்பிவிடுவாள்.

கிராமத்தில் அவளுக்குக் கூடு ஏது? அந்தியில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே ஒரு கல்லை வைப்பாள். திண்ணையிலே மனிதர்கள் படுத்திருந்தவரை அது போதும்; சத்தம் கேட்டால் யாராவது எழுந்து பார்ப்பார்கள். இங்கே எல்லோரும் கதவைத் தாழிட்டு மின்விசிறிக்குக் கீழே தூங்குகிறோம். கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால், அதன் கரையில் புதர், புதரில் கீரி.

தச்சர் வந்து கோழியை அளந்தார். அத்தை கீரியை அளந்தாள். “இந்தச் சந்துல அதோட தலை நுழையுமா, நுழையாதா? தலை நுழைஞ்சா உடம்பும் நுழையும்” என்று விரலை விட்டுக் காட்டினாள். கடையில் கோழிவலை என்றே ஒன்றைச் சுருட்டி விற்கிறார்கள். கோழியை உள்ளே வைக்க அது போதும். வெளியே இருப்பவனைத் தடுக்காது. நாய் பல்லால் இழுத்தால் பிய்ந்துவிடும். ஆகவே அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலையாக வாங்கினோம். தரையைக் கல் பாவிச் சிமெண்டு பூசாவிட்டால் பெருச்சாளி அடியில் குடைந்து வரும் என்றாள். நாங்கள் அதற்குப் பதிலாகக் கூட்டையே பனங்கட்டைக் கால்களில் இரண்டடி உயரத்தில் நிறுத்தினோம்.

கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி. ஆறுக்கும் நாலடி நீளம், மூன்றடி அகலம். பகலெல்லாம் வெளியே மேய்வதால் இது தாராளம். நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேரே உள்ளே அடிக்காது. தகரம் போட்டால் சித்திரையில் அடுப்பாகும் என்று பனையோலை வேய்ந்தோம். கூரைக்குக் கீழே சுற்றிலும் ஒரு சாண் காற்றுவழி. நாற்றத்துக்கு மருந்து அதுதான். கெடுதல் செய்வது எச்சத்தைவிட அதில் தேங்குகிற ஈரம். உட்காரும் கழியை, முட்டையிடும் பெட்டியைவிட உயரமாக வைக்கவேண்டும். இல்லையென்றால் கோழிகள் பெட்டியிலேயே தூங்கி, அதை அசிங்கம் செய்துவிடும். இதையும் அத்தைதான் சொன்னாள். கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய் வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து போட்டு வந்ததொன்றே என் பங்கு.

முதல் ஒரு வாரம் கோழிகளை வெளியே விடவில்லை. அடைத்து வைத்தால்தான் இது தன் வீடு என்று பதியுமாம். “கோழிக்கு ஒரு வாரம் போதும்” என்றாள் அத்தை, தானியத்தை இறைத்துக்கொண்டே. மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் திறந்துவிட்டோம். அந்தியில் ஐந்து தாமாகவே வந்து ஏறின. கறுப்பி மட்டும் முருங்கை மரத்துக்குப் போய்விட்டது. காட்டுக்கோழி இரவில் மரத்தில்தான் அடையும். அதுதான் நம் வீட்டுக்கோழிகளுக்கு மூதாதை. 2022-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, கோழி மனிதனை ஒட்டி வந்ததே அவன் விளைவித்த நெல்லையும் தினையையும் தேடித்தான் என்கிறது. தாய்லாந்தில் பான் நோன் வாட் என்ற இடத்தில், கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்ட காலத்துக் கோழி எலும்புகள் கிடைத்திருக்கின்றன. தானியத்துக்காக இறங்கிவந்த ஜாதி ராத்தங்கலுக்கு இன்னும் மரத்தை மறக்கவில்லை. அத்தையிடம் இதைச் சொன்னேன். “அவ பாட்டி புத்தி அவளுக்கு. விடு” என்று முடித்துவிட்டாள்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் விடியற்காலையில், கூட்டின் கால்களைச் சுற்றி ஈரமண்ணில் சின்னச் சின்னக் காலடிகள். மூன்று சுற்று சுற்றியிருக்கிறது. கதவுக்கு நேரே மண்ணைப் பிறாண்டியும் பார்த்திருக்கிறது. உள்ளே ஐந்தும் பத்திரம். மரத்தில் கறுப்பியும் பத்திரம். அன்று அத்தை வழக்கத்தைவிட ஒரு தம்ளர் காப்பி அதிகமாகக் குடித்தாள்.

முட்டை இப்போது பக்கத்து வீட்டுக்கும் போகிறது. என்ன சொல்வார்களோ என்று பயந்தோமே, அதே வீட்டுக்கு. காசு அத்தையின் சுருக்குப்பைக்குப் போகிறது. எங்களுக்கும் இனாம் கிடையாது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அவள் மூன்று நாள் ஊருக்குப் போனாள். சாயங்காலம் ஆறரைக்குத் தொலைபேசி அடித்தது. என் மனைவிதான் எடுத்தாள்.

“சாத்தியாச்சு. எண்ணிப் பார்த்துட்டேன், அஞ்சு உள்ளே. கறுப்பி முருங்கையிலே” என்றாள். பிறகு, “நீங்க எப்போ வருவீங்க?” என்று கேட்டாள்.

“சனிக்கிழமை வீட்டுக்கு வந்திருவேன்” என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. அத்தை தொலைபேசியில் எப்போதும் உரக்கத்தான் பேசுவாள்.