கச்சத்தீவில் ஓர் இரவு

புதுக்கோட்டைச் சீமையின் ஜெகதாபட்டினத்தில் கச்சத்தீவு என்றாலே மீனவர் முகம் மாறும். அவ்வூர் நண்பர் ஒருவரும் நாங்கள் நால்வருமாக அந்தோணியார் திருவிழாவுக்கென்று இராமேசுவரத்திலிருந்து விசைப்படகில் புறப்பட்டோம். வலை கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு. "வெறுங்கையோடு கடலில் போவது இதுவே முதல் தடவை, ஐயா! மீன்கள் சிரிக்கும்" என்றார் நண்பர். அலைகள் ஆட்டிய ஆட்டத்தில் எனக்கோ சிரிக்கத் திராணியில்லை.

தீவு 285 ஏக்கர் விஸ்தீரணந்தான். குடிதண்ணீர் கிடையாது, குடியிருப்போரும் இல்லை. 1974-ம் வருஷத்து உடன்படிக்கையினால் அது இலங்கையைச் சேர்ந்தது. யாத்திரிகர் விசா இன்றி வரலாமென்று அதிலேயே கண்டிருக்கிறது. 1976-ல் நடந்த கடிதப் பரிமாற்றமோ, ஒரு நாட்டார் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிப்பதை விலக்கிற்று. ஜெபம் செய்யலாம், வலை வீசலாகாது!

அந்தியில் கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவு தேர்ப்பவனி. 2016-ல் திறக்கப்பட்ட புதிய கோயிலின் முன்னே மணலில் உட்கார்ந்திருந்தோம். நெடுந்தீவு மீனவர் ஒருவர் பக்கத்தில் வந்தமர்ந்தார்.

"உங்கட இழுவைப் படகுகள் எங்கட வலைகளை அறுத்துக்கொண்டு போகுது, அண்ணை" என்றார், கோபமில்லாமல்.

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "என் தம்பி உங்கள் பக்கத்துச் சிறையில் மூன்று மாதம் இருந்தான்" என்றார்.

அவர் தலை குனிந்தார். நண்பர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தார். காலைப் பூசைக்கு மணி அடிக்கும்வரை இருவரும் காற்றைப் பற்றியும் நீரோட்டத்தைப் பற்றியுமே பேசிக்கொண்டிருந்தனர்.