பெயர் தவறினும் பாசம் தவறாது

இளைய மகனை அழைக்க எண்ணிய தாய், மூத்தவன் பெயரையும் நடுவிலான் பெயரையும் சொன்ன பின்னரே அவன் பெயருக்கு வருவதை நம் இல்லங்களில் காண்கிறோம். 'என் பெயர்கூட அம்மாவுக்கு நினைவில்லை' எனப் பிள்ளை மனம் வாடுகிறான். இது அன்பின் குறையோ?

அன்று. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், படங்களைக் காட்டிப் பெயர் கூறச் செய்தனர். ஒரே இனப் படங்கள் அடுத்தடுத்து வந்தபோது, கலந்து வந்ததைவிடத் தாமதம் நேர்ந்தது. மாவை நினைத்தால் பலாவும் வாழையும் உடன் விழித்து நாவுக்கு முந்துகின்றன. 'பழம்' என இனத்தைச் சொல்லவோ அந்த உறவு தடையாவதில்லை.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 1,700-க்கும் மேற்பட்டோரிடம் வினவி 2016-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு ஒத்ததே. உறவினருக்கு உறவினர் பெயரும், நண்பருக்கு நண்பர் பெயருமே பெரும்பாலும் மாறி வந்தன.

ஆகவே, மருமகளை மகளின் பெயரால் மாமியார் அழைத்துவிட்டால் அவள் வருந்த வேண்டுவதில்லை. மகள்கள் வரிசையில் அவளுக்கும் இடம் கிடைத்துவிட்டது! எனினும், நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பவர் அல்லரோ? நாமும் ஒரு கணம் நின்று, உரிய பெயரை அன்போடு சொல்லி அழைப்போமாக.