எங்கள் பி.எட். டீச்சர்

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் பிறந்து தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர் எங்கள் பி.எட். டீச்சர். 1956இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அடங்கிய பின்னும் அங்கே தமிழில் படிப்பவர்கள் உண்டு. 16 வாரப் பயிற்சிக்காக மலையிறங்கி எங்களிடம் வந்தார்.

கல்லூரிப் பேராசிரியை பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்த அன்று, டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் நடுங்கியது. பாடம், ஏலக்காய். அந்த நேரம் பார்த்து எங்கள் தோழி ஒருத்தி தூங்கி வழிந்தாள்! டீச்சருக்கு மதிப்பெண் போயிற்று என்றே நினைத்தோம்.

அவர் அதட்டவில்லை. "அம்மா காய் எடுக்க ஜீப்பில் போகிறார்களாம்மா?" என்றார். விடியுமுன் போடியில் கிளம்பி, ஏலத்தோட்டத்தில் வந்திறங்கும் பெண்களைப் பார்த்தே வளர்ந்தவராம். அம்மா போனபின் சமைத்து, தம்பியைக் கிளப்பிவிட்டு வருபவள் எங்கள் தோழி.

பிறகு அவளே பாடம் நடத்தினாள். காய் கிளையில் தொங்காது, தூரிலிருந்து கிளம்பும் சரத்தில் இருக்கும். எல்லாம் ஒன்றாக முற்றாது. குனிந்து குனிந்து முற்றியதை மட்டும் எடுக்க வேண்டும். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் 1 கிலோதான் தேறும். பேராசிரியை எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

பயிற்சி முடிந்து டீச்சர் 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் போய்விட்டார். மதிப்பெண் எவ்வளவு என்று சொல்லவே இல்லை. ஆனால் தோழியின் அம்மாவைத் தோட்டத்தில் தேடிப்பிடித்து, "பத்தாம் வகுப்போடு பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள் அக்கா" என்றாராம். அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை.