புழு இருந்தது என்றால் போதுமா?

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பெருச்சாளி செத்துக் கிடந்தால், யாராவது ஓடிவந்து பினாயில் ஊற்றிவிடுவார்கள். விலங்கியல் சொல்லிக்கொடுத்தே பழகிய எனக்கு, அதற்குள் ஒருமுறை குனிந்து பார்த்துவிட வேண்டும். வாயோரம், மூக்குத் துளை, கண், காயம் என்று ஈரமும் மறைவும் உள்ள இடமாகத்தான் ஈ தேடும். அங்கே ஒன்றரை மில்லிமீட்டர் நீளத்தில், வெளிர்மஞ்சளாகக் கொத்துக்கொத்தாக ஒட்டிக் கிடப்பவை பெரும்பாலும் பச்சை ஈயின் முட்டைகள். சித்திரை வெயிலில் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். முட்டைத்தோடே இல்லாமல் புழு நெளிந்தால் சாம்பல்நிறச் சதை ஈயைச் சந்தேகிக்கலாம். அது முட்டைக்குப் பதில் குட்டிப் புழுவையே இட்டுவிட்டுப் போகும்.

வெறுங்கண்ணுக்கு அவ்வளவுதான். முட்டையையும் பிஞ்சுப் புழுவையும் பார்த்த மாத்திரத்தில் இனப்பெயரை அடித்துச் சொல்பவரை நான் நம்புவதில்லை. ஆனால் நுண்ணோக்கி இருந்தால் பருவத்தைச் சொல்ல முடியும். புழுவின் கூரிய முனையில் வாய்; மழுங்கிய பின்முனையில் மூச்சுவிடும் தட்டுகள் இரண்டு. ஒவ்வொரு தட்டிலும் இரண்டு கீறல் இருந்தால் ஒருமுறை தோலுரித்தது, மூன்று இருந்தால் இருமுறை உரித்துக் கடைசிப் பருவத்துக்கு வந்தது. பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவரை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன். இழை எண்ணிப் பழகிய கண் அல்லவா! "மூணு கோடு சார், மூணும் ஒரே பக்கமா சாஞ்சிருக்கு" என்றார் உடனே. மாணவர்களுக்கு இதைக் காட்ட எனக்கு ஒரு பீரியட் பிடிக்கும்.

உடலெங்கும் சதைமுட்கள் கொண்ட ஒரு புழுவும் உண்டு. கிரைசோமியா ரூஃபிஃபேசிஸ் என்பது அதன் ஈ. வளர்ந்தபின் பக்கத்துப் புழுக்களையே தின்னும். முதலில் வந்தவற்றை அது தின்று தீர்த்துவிட்டால், புழுவின் வயதை வைத்துப் போடும், இறந்து எத்தனை நாள் என்ற கணக்கே பிசகும்.

பெயர் உறுதியாகத் தெரிய வேண்டுமா, வளர்த்து ஈயாக்கிப் பார்ப்பது எளிய வழி. 1668இல் இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ ரெடி, இறைச்சிச் சாடியின் வாயைத் துணியால் மூடி, புழு தானாகப் பிறப்பதில்லை என்று காட்டினார். புழு வளர்க்கவும் அதே சாடி, அதே துணி, அடியில் கொஞ்சம் மணல் போதும்.

பிரேதப் பரிசோதனைக் குறிப்பில் 'புழுக்கள் காணப்பட்டன' என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் எனக்கு மனம் ஆறாது. இருப்பதில் பெரிய புழுக்களில் சிலவற்றைக் கொதிநீரில் முக்கி ஆல்கஹாலில் போட வேண்டும். சிலவற்றை உயிரோடு வளர்க்க வேண்டும். கிடந்த இடத்தின் வெப்பத்தையும் குறிக்க வேண்டும். குளிர்நாட்டுப் புழு வளரும் கணக்கு காஞ்சிபுரத்து வெயிலுக்கு ஒத்துவராது.